நான்காவது மூடி

ஜனவரி 12

என் ஸ்பேனர் மகாராணிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கடிதத்தைக் கிழிக்க உனக்குக் கை துறுதுறுக்கும், தெரியும். போனில் கூப்பிட்டிருந்தால் ஹலோ சொல்வதற்குள் வைத்திருப்பாய். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் நாலு வரியாவது படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். எதையும் நோண்டிப் பார்க்காமல் விடும் புத்தி உனக்கு என்றைக்கு இருந்தது?

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணனுக்குத் தையல் வேலை பெருகிவிட்டது. ஹாலில் வெட்டு மேசையைப் போட்டதிலிருந்து நாங்கள் சுவரை ஒட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிறோம். கார் ஷெட்டைத் தையலறை ஆக்கப்போகிறாராம். நேற்று ஒரு பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்தார். அந்த மனுஷன் நீ பிரித்துப் போட்ட உன் கார் இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "எட்டு வருஷமா இப்படிப் பிரிச்சே கெடக்குதா? இது இன்ஜின் இல்லீங்க, பாத்திரக்கடை" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏப்ரல் கடைசி வரைக்கும் இதுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. நான் முடிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். உன் அண்ணன் ஊசியில் நூல் கோக்கிறதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நீயா? உனக்கு பானெட் எந்தப் பக்கம், டிக்கி எந்தப் பக்கம்னே தெரியாதே!"

உண்மைதான். எனக்கு இன்ஜின் தெரியாது. ஆனால் வேலையை முடிக்கத் தெரியும். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கருவிகள் தினம் இருநூறு தட்டு அழுக்காக வந்து குவியும். குவியலைப் பார்த்தால் ராஜினாமா எழுதத்தான் தோன்றும். நாங்கள் குவியலைப் பார்ப்பதில்லை. கையில் இருக்கிற தட்டைக் கழுவு, ஆவியில் வை, எண்ணு, சீட்டில் கையெழுத்துப் போடு, அடுத்த தட்டை எடு. இருபது வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

உன் இன்ஜின் ஷெட்டில் முப்பத்தோரு தட்டாக இருக்கிறது. டூட்டி முடிந்து வந்ததும் தினம் ஒரு தட்டு எடுக்கப்போகிறேன். முதல் தட்டில் என்ன செய்வது என்று மட்டும் எழுது.

ஆறு வருடத்துக்கு முன் நீ இன்ஜின் பாகங்களில் சிவப்பு நகப்பூச்சால் வைத்திருந்த அடையாளங்களையெல்லாம் நான் கழுவித் தொலைத்தது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். நீ கத்திவிட்டு மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனது உன் தப்பு. அதை நீ ஒப்புக்கொள்ள வேண்டாம், இன்ஜினைப் பற்றி எழுதினால் போதும்.

உன் அண்ணி


ஜனவரி 24

அண்ணிக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

இரும்புக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கு அதில் இப்போது விருப்பம் இல்லை. இங்கே மலை மின் நிலையத்தில் மூன்று டர்பைன்கள் என் பொறுப்பு. நாள் முழுக்க இரும்போடு மாரடித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் ஒரு இரும்பு எதற்கு? அண்ணனுக்குத் தையலறை அவசியம். அவர் பாவம், எத்தனை நாள்தான் நண்டு மாதிரி நடப்பார்.

அந்த நகப்பூச்சு விஷயத்தைப் பேச வேண்டாம். பிஸ்டனைக் கிராங்க்கோடு கோக்கிற ராடு நான்கு, அவற்றின் அடிப்பக்கத்தைக் கவ்விப் பிடிக்கிற மூடி நான்கு. ஒவ்வொரு ராடுக்கும் கூடப் பிறந்த மூடிதான் சேரும், மாற்றிப் போட்டால் இன்ஜின் நாசம் என்று அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருந்தேன். ராடெல்லாம் ஒரு தட்டு, மூடியெல்லாம் ஒரு தட்டு என்று கத்தரிக்கோல் அடுக்குவது மாதிரி அடுக்கி வைத்தீர்கள். போகட்டும்.

அந்தத் தட்டுகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் கொடுப்பதற்கு முன், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், சிலிண்டர்களின் உட்சுவரில் துரு ஏறியிருக்கிறதா? விரலை உள்ளே விட்டுத் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா? கிராங்க்கை நிறுத்தி வைத்திருக்கிறீர்களா, படுக்கப்போட்டு வைத்திருக்கிறீர்களா? படுக்கப்போட்டிருந்தால் தயவுசெய்து உடனே நிமிர்த்துங்கள்.

மற்றபடி சுகம்.


பிப்ரவரி 2

மகாராணிக்கு,

விருப்பமே இல்லாதவள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். பதில்: துரு இல்லை. வழவழப்பு. கிராங்க் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

எப்படி என்று கேட்கிறாயா? நீ போனதிலிருந்து மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வைக்கிறேன். எழுபது தடவைக்கு மேல் இருக்கும். உன் அண்ணனுக்கே தெரியாது. அவர் பேப்பர் படிக்கும்போது நான் ஷெட்டில் துணி காயப்போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது கேள். ஆஸ்பத்திரியில் கருவிகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. அதே மாதிரி பழசு ஒன்று வீட்டில் கிடந்தது. போன வாரம் ராடையும் மூடியையும் அதன் அடியில் வைத்தேன். இரண்டும் சேருமிடத்தின் பக்கவாட்டில் மெல்லிய கோடு கோடாக இருக்கிறது. சரியான மூடியை வைத்தால் கோடு அப்படியே தொடர்ந்து ஓடுகிறது. தப்பான மூடி என்றால் கோடு முட்டிக்கொண்டு நிற்கிறது, தைத்த இடத்தில் கட்டம் சேராத சட்டை மாதிரி. மூன்று ஜோடி கண்டுபிடித்துவிட்டேன்! சந்தோஷத்தில் உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "ஏன், நல்லாத்தான் மேட்ச் பண்ணியிருக்கே. எங்கிட்ட வேலைக்கு வர்றியா?" என்றார்.

ஏன் மூன்று என்று உனக்குத் தோன்றும். இதைச் சொல்ல ஆறு வருடம் ஆகிவிட்டது. என்னிடம் மூன்று மூடிதான் இருக்கிறது. நீ போன அன்று எண்ணிப் பார்த்தேன், நான்காவதைக் காணோம். கழுவும்போது நான்தான் எங்கேயோ தொலைத்திருக்கிறேன். சாக்கடைக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். குப்பைக்காரரை மறித்து வண்டியைக் கிளறினேன். கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கத்தரி குறைந்தாலும் நோயாளியின் வயிற்றைத் தைத்து மூட விடமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறவள் நான்.

பழக்க தோஷத்தில் அன்றைக்கே தட்டில் சீட்டு வைத்தேன். ராடு மூடி: 4. இருப்பு: 3. எண்ணியவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. சரிபார்த்தவர் என்ற இடம் காலி. எங்கள் பிரிவில் இரண்டு கையெழுத்து இல்லாத தட்டு வெளியே போகாது. அந்தச் சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது.

அதிலிருந்து நான் எதையும் மூன்று தடவை எண்ணுகிறேன். வேலையிடத்தில் என் பட்டப்பெயரே "மூணெண்ணி". உன்னிடம் சொன்னதில் கொஞ்சம் பாரம் குறைந்தது. திட்டுவதென்றால் திட்டு.

உன் அண்ணி

பின்குறிப்பு: உன் கடிதத்தின் ஓரத்தில் பிறை மாதிரி எண்ணெய்க் கறை. எழுத உட்காரும்போது கையைக் கழுவு தாயே.


பிப்ரவரி 15

அண்ணி,

திட்டவில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எழுபது தடவை துடைத்தீர்களா? நான் கைவிட்டுவிட்டு வந்த இன்ஜினையா?

கோடு பார்த்துச் சேர்த்தது சரியான வழி. ராடையும் மூடியையும் ஒன்றாகப் பூட்டித்தான் தொழிற்சாலையில் கடைவார்கள், அதனால் கடைசல் கோடு இரண்டின் மேலும் ஓடும். பெரிய ஒர்க்‌ஷாப்பில் பத்து வருடம் இருந்தவனுக்கே இது தோன்றாது.

காணாமல் போன மூடிக்காக மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். அது போனால் போகிறது. வேறு ராடும் மூடியும் ஜோடியாக எங்காவது கிடைக்கும். அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

இத்துடன் பதினோரு தாள் வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று தட்டுக்கு ஒரு தாள். தினம் சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் ஒன்று எழுதினேன். உட்காரும்போது அலுப்பாகத்தான் இருக்கும். ஒரு படம் போட்டதும் இன்னொன்று போடத் தோன்றிவிடுகிறது. உங்கள் ஆஸ்பத்திரி முறை எனக்கும் ஒத்துவருகிறது போல. ஆறாம் தாளைக் கவனமாகப் படியுங்கள்: இறுக்கத்தை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச்சில் "கிளிக்" என்று சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். பாட்டில் மூடி மாதிரி இன்னும் ஒரு திருகு திருகிப் பார்ப்போமே என்று போகக் கூடாது. உங்கள் கை எனக்குத் தெரியும்.

ராடு தட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


மார்ச் 5

மகாராணிக்கு,

முப்பத்தோரு தட்டில் பத்தொன்பது முடிந்தது. உன் அண்ணன் வால்வு தேய்க்கிறார். நம்பு. ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தார், நான் தேய்ப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், "அப்படி இல்லடி, தள்ளு" என்று பிடுங்கிக்கொண்டார். இப்போது வாடிக்கையாளர் காத்திருந்தாலும் "ரெண்டு நிமிஷம், ஒரு வால்வு பாக்கி" என்கிறார். இரும்புக்காரர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "பாத்திரக்கடை சுருங்கிக்கிட்டே வருதே" என்று டீ குடித்துவிட்டுப் போனார்.

நடுவில் நாலு நாள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கேஸ்கட்டைத் தப்பாக ஒட்டிவிட்டு, அதைச் சுரண்ட வேண்டுமே என்று நினைத்து ஷெட் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் "பத்து நிமிடம் மட்டும் சுரண்டுவேன், அப்புறம் போய்விடுவேன்" என்று எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கொண்டு போனேன். பத்தாவது நிமிடம் சுரண்டி முடிந்திருந்தது. நாலு நாள் நான் எதைக் கண்டு பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று உன் பதினோரு தாளையும் வரிசையாக மேசையில் பரப்பினேன். நான்கு தாளில் அதே பிறைக் கறை. ஜனவரிக் கடிதத்திலும் அதேதான். ஒரே அகலம், ஒரே வளைவு. எண்ணெய்க் கை அப்படி ஒரே அளவில் படியாது. தட்டிலிருந்து ஒரு மூடியை எடுத்து, பக்கவாட்டில் படுக்க வைத்து, கறையின் மேல் வைத்தேன்.

அப்படியே பொருந்தியது. மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.

காகிதம் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்து எழுதுகிறாய், இல்லையா?

எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. சாக்கடையில் கைவிட்டேனே! ஆறு வருடம் என் கண்ணை நானே நம்பாமல் இருந்தேனே! போன கடிதத்தில் எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டினேன், அப்போதாவது உனக்குச் சொல்லத் தோன்றவில்லையா?

பதில் எழுது. மூடியைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதே.

உன் அண்ணி


மார்ச் 14

அண்ணி,

என்னிடம்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் இந்தத் தாளின் மேல்தான் இருக்கிறது.

அன்றைக்குக் கத்திவிட்டு ஷெட்டுக்குப் போனேன். நீங்கள் அடுக்கி வைத்த தட்டு பளபளவென்று இருந்தது. நான் இல்லாமல் யாரும் இதை முடித்துவிடக் கூடாது என்ற வீம்பில் ஒரு மூடியை எடுத்துப் பெட்டியில் போட்டேன். நீங்கள் எண்ணுவீர்கள் என்று தோன்றவே இல்லை. உங்களை நான் சரியாகப் பார்த்ததே இல்லை என்றுதானே அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கடைசல் கோடு எனக்கு அன்றைக்கே தெரியும். அடையாளம் அழிந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. உட்கார்ந்து பார்த்தால் அரைமணி நேர வேலை. அது தெரிந்துகொண்டேதான் கத்தினேன்.

நீங்கள் கழுவுவதற்கு முன்பே அந்த இன்ஜின் இரண்டு வருடம் பிரித்தபடி கிடந்தது, நினைவிருக்கிறதா? அப்போது நான் வேலை பார்த்த டிப்போவில் எந்த பஸ்ஸை வேண்டுமானாலும் பிரித்து மாட்டுவேன். அது கிளம்பாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். இது என் வண்டி. "அடுத்த மாசம் ஓடும், அடுத்த மாசம் ஓடும்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மாட்டி முடித்து, சாவியைத் திருப்பி, அது கிளம்பாமல் போனால்? பிரித்துக் கிடக்கிற வரைக்கும் நான் நல்ல மெக்கானிக். அந்தப் பயத்தில் தினம் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் கழுவி வைத்தீர்கள். எனக்கு நல்ல சாக்கு கிடைத்தது. பழியை உங்கள் தலையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் சாக்கடைக் குழாயைக் கழற்றியதைப் படித்தபோது அழுதேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதிய தாளை இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். நீங்கள் என் மூஞ்சியிலேயே முழிக்கமாட்டீர்கள் என்று பயமாக இருந்தது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதியிலிருந்து பத்து நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். வரலாமா?


மார்ச் 22

அடியே,

படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உம்மென்று இருந்தேன். உன் அண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை, கடிதத்தைத் தானே எடுத்துப் படித்தார். படித்துவிட்டு, "நல்ல கூத்து. ஒருத்தி ஒளிச்சு வைக்கிறா, இன்னொருத்தி தொலைச்சேன்னு அழுவுறா. நடுவுல நான் நண்டு நடை நடக்குறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை உனக்காக வைத்திருக்கிறேன், நேரில் வந்து வாங்கிக்கொள்.

கிளம்பாவிட்டால் என்று எழுதியிருந்தாய். கிளம்பாவிட்டால் மறுபடி பிரிப்போம். தட்டெல்லாம் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.

வரலாமா என்று கேட்காதே. நீ பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வர என்னிடம் என்ன கேள்வி? முப்பது தட்டு முடிந்துவிட்டது. ஒரு தட்டு காத்திருக்கிறது.

உன் அண்ணி


ஏப்ரல் 27

அண்ணி,

நீங்கள் காலை டூட்டியில் இருக்கிறீர்கள். இதைக் கடைசித் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். சாயங்காலம் திரும்பி வரும்போது ஷெட் காலியாக இருக்கும். அண்ணன் இப்போதே அளவு நாடாவோடு வாசலில் நிற்கிறார். வண்டி வெளியே வந்ததும் மேசையை உள்ளே இழுத்துவிடுவார்.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதிவிடுகிறேன். எழுத்து நமக்குப் பழகிவிட்டது.

நான்காவது மூடியையும் மாட்டிச் சாவியைத் திருப்பியபோது வண்டி கிளம்பவில்லை, பார்த்தீர்களா. எட்டு வருடம் நான் பயந்த அதே நிமிடம். ஒரு இருமல் இருமியது, சைலன்சரில் பட்டென்று வெடித்தது, அடங்கிவிட்டது. அதற்கப்புறம் என்ன நடந்தது? அண்ணன், "துணியைத் திருப்பி வெச்சுத் தச்சுட்டே போலிருக்கு" என்றார். நீங்கள், "டீ போடுறேன், குடிச்சிட்டுப் பாப்போம்" என்று எழுந்து போனீர்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்காகவா எட்டு வருடம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்தோம், பிளக் ஒயர் இரண்டு இடம் மாறியிருந்தது. மாற்றிப் போட்டது நான். நீங்கள் மாட்டிய முப்பது தட்டில் ஒரு தப்பு இல்லை. இதை நான் வெளியில் யாரிடமும் சொல்லப்போவதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். சரி, சொல்லிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்வீர்கள் என்று தெரியும்.

இரண்டாவது தடவை திருப்பியதும் அது பிடித்துக்கொண்டு ஓடியதே, அப்போது நான் இன்ஜினைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தேன். கையில் டீ டம்ளரோடு, "ஓடுதுடி! ஓடுது!" என்று கத்தினீர்கள். டம்ளர் சாய்ந்து சேலையெல்லாம் டீ. உங்களுக்கு அது தெரியவே இல்லை.

வண்டியை மலைக்கு ஓட்டிப் போகிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வருகிறேன், மூன்று பேரும் எங்காவது போகலாம். அண்ணன் பின் சீட்டில். முன் சீட் உங்களுக்கு.

அந்தப் பழைய சீட்டை எடுத்தேன். உங்களைக் கேட்காமல் அதில் கை வைத்துவிட்டேன். இருப்பு என்ற இடத்தில் மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதியிருக்கிறேன். எண்ணியவர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து ஆறு வருடமாக இருக்கிறது. அதன் பக்கத்தில், சரிபார்த்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் எதையும் தொலைக்கவில்லை அண்ணி. இனிமேல் ஒரு தடவை எண்ணினால் போதும்.